தலையணைப் பஞ்சு போட்ட பெட்டி

பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த அதே கிழமையில்தான் எங்கட பழைய கார் மண்டையைப் போட்டது. இப்படியெல்லாம் எனக்குத்தான் நடக்கும்.

கார் ஓடத் தகுதி என்று தருகிற வாரண்ட் எடுக்கக் கொண்டுபோன இடத்தில் காரைத் தூக்கிப் பார்த்த பெடியன், அடித்தட்டு முழுக்கக் கறள் பிடித்து உக்கிப்போச்சு, இனி இதை ரோட்டில் விடேலாது என்று சொல்லிவிட்டான். என்ர மனிசனுக்கு உள்ளுக்குள் நல்ல புளுகம், சந்தோசம். அந்தக் காரை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. எங்களுக்கு அதை விற்றவன் ஒரு இளந்தாரி. டிக்கியை அடைத்துக்கொண்டு கிடந்த பெரிய சப்வூபர் பெட்டியை, அடிச்சத்தம் போடுகிற ஸ்பீக்கர் பெட்டியை, கழற்றப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் அப்படியே தந்துவிட்டுப் போனவன். வாங்கின அன்றைக்கே அதைத் தூக்கி எறிய வெளிக்கிட்டார் இவர். மகள்தான் விடவில்லை.

மகளுக்கு ஓட்டிசம். அவளுக்குச் சத்தம் என்றால் ஆகாது. கிரைண்டர் போட்டால் காதைப் பொத்துவாள், கோவிலில் மணி அடித்தால் வாங்குக்குக் கீழே போய்விடுவாள். அப்படிப்பட்ட பிள்ளை, நாலு வயதில் அந்தக் காரின் பின்சீட்டில் முதுகை ஒட்டி வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து வந்த அதிர்வில் கண்ணை மூடிச் சிரித்தாள். அதுவரைக்கும் அவள் சிரிப்பதை நாங்கள் பெரிதாகக் கண்டதில்லை. நான் மனிசனைப் பார்த்து, "பெட்டியில கை வைச்சீங்களோ, நடக்கிறது வேற" என்றேன். பெட்டி தப்பிவிட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கார்தான் அவளுக்கு எல்லாம். பாட்டும் ஒரே பாட்டுத்தான். நல்ல ஞானப்பாட்டு ஏதும் என்று நினைக்காதீர்கள். பைலா. மன்னாரில் கலியாண வீட்டில் வெறிகாரர் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுகிற பைலா. ஞாயிறு பூசை முடிந்து சனம் எல்லாம் பங்குச் சுவாமியாரோடு கதைத்துக்கொண்டு நிற்கும்போது எங்கட காரிலிருந்து அது தொடங்கும். சுவாமியார் சிரிப்பார். சனம் சிரிக்காது. எனக்கென்ன, பிள்ளை காரில் ஏறுகிறாளே, அது காணும்.

இனிக் கதைக்கு வருவம். ஊரை விட்டு வந்தபிறகு, இந்த வெளிநாட்டில் எங்கட வீடு பாபடோயிட்டோயில். காரில் போகிற தூரத்தில், பிளாட் புஷ் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இப்படியான பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன வகுப்பு இருக்கிறது. கனகாலம் காத்திருந்து கிடைத்த இடம். முந்திப் படித்த பள்ளிக்கூடத்தில் அவள் நாள் முழுக்க மேசைக்குக் கீழேதான் இருந்தாள். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. இந்த வகுப்பு ரீச்சர் எங்களைக் கூப்பிட்டுக் கதைத்தபோதுதான் முதன்முதலாக ஒரு ஆள் என்னிடம், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டது. அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் ரீச்சர் ஒன்றை வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார். புதுத் தவணை தொடங்குகிற கிழமையில் பிள்ளை வரவேண்டும். வராவிட்டால் இடத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பிள்ளைக்கும் உங்களைப்போல ஒரு அம்மா இருக்கிறா என்றார். அதற்கு நான் என்ன சொல்ல? நியாயம்தானே. பள்ளிக்கூட வான் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்தான். எழுதிப் போட்டு மறுமொழி வர ஒரு தவணை போய்விடும். வந்தாலும், முன்பின் தெரியாத வானில் இவள் ஏறுவாளா? பஸ்ஸைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம்.

அதனால் புதுக்கார் அவசரமாக வாங்கினோம். சின்னக் கார், ஜப்பானில் ஓடினது, பார்க்க வடிவு. டிக்கிதான் சின்னன். பழைய பெட்டி அதற்குள் போகாது. பின்சீட்டை மடித்தால் போகும். சீட்டை மடித்தால் பிள்ளை எங்கே இருக்கிறது? கடைசியில் பாதி அளவில் ஒரு பெட்டி வாங்கி, பழைய ஸ்பீக்கரைக் கழற்றி அதற்குள் பூட்டினார் மனிசன். "ஸ்பீக்கர் அதேதானே, சத்தமும் அதேதான்" என்றார். நானும் நம்பினேன்.

பிள்ளையும் நம்பித்தான் ஏறினாள். அதை நினைத்தால்தான் இப்பவும் நெஞ்சு எரிகிறது. பெல்ட்டைப் போட்டு, முதுகை ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பாட்டைப் போட்டேன். முதல் அடி விழுந்ததும் யாரோ குத்தினதுபோல் துள்ளி எழும்பிக் கத்தினாள். பெல்ட்டைக் கழற்றுவதற்குள் தலையைக் கண்ணாடியில் இடித்துவிட்டாள். கதவைத் திறந்ததும் ஓடிப்போய் உடுப்புக் காயப்போடுகிற கொடிக்குப் பின்னால் ஒளிந்தவள்தான். அதற்குப் பிறகு காரைக் கண்டாலே "நோ கார், நோ கார்" என்று நடுங்கத் தொடங்கினாள்.

தவணை தொடங்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

நகரத்தின் மற்றப் பக்கம், கடற்பாலத்துக்கு அங்கால, கிளென்ஃபீல்டில் எங்கட ஊர் அக்கா ஒருத்தர் இருக்கிறா. கார் வாங்கின அன்றைக்கு முதல் ஆளாக வந்து, "என்ன வடிவான கார், அந்த மாதிரி இருக்கு" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தவ. பிள்ளை ஏறுகிறாள் இல்லை என்று போனில் சொன்னதும், "உது நாவூறுதான்" என்று பாலம் தாண்டி வந்துவிட்டா. கையில் செத்தல் மிளகாய், உப்பு, ஒரு பழைய பால்மா ரின். கண் வைத்ததும் அவ, கழிக்க வந்ததும் அவ. நாங்கள் கத்தோலிக்கர், சுவாமியார் வந்து காருக்குத் தீர்த்தம் தெளித்து ஒரு கிழமையும் ஆகவில்லை. ஆனாலும் நான் ஒன்றும் பறையவில்லை. பிள்ளை ஏறுவாளென்றால் நான் மலையையும் சுற்றுவன்.

அக்கா காரைச் சுற்றி வந்து, டிக்கிக்கு நேரே ரின்னை வைத்து மிளகாயைக் கொளுத்தினா. நாவூறு இருந்தால் நெடி வராதாம். மாதாவே, வந்த நெடி. நான் இருமி, அக்கா இருமி, பக்கத்து வீட்டு சமோவா அம்மா தண்ணிப் போத்தலோடு ஓடிவந்து "நெருப்பா?" என்று கேட்டா. நானோ ஒரு விசரி, காற்றுப் படட்டும் என்று காரின் கதவெல்லாம் திறந்து வைத்திருந்தேன். புகை முழுக்க உள்ளே போய்ச் சீட்டில் ஏறிவிட்டது. ஏற்கெனவே சத்தத்தால் பயந்த பிள்ளைக்கு இப்ப மணமும் சேர்ந்துவிட்டது. சீட்டைக் கழுவி, சோடாத்தூள் போட்டு, வெயிலில் காயவிட்டு மணம் போவதற்குள் கைவசம் இருந்த நாளில் பாதி போனது. அக்கா போகும்போது, "நெடி வந்ததுதானே, அப்ப நாவூறு இல்லை, பயப்பிடாதை" என்றா. என்ர வாயில் வந்ததை நான் இங்கே எழுதமாட்டேன்.

மணம் போன அன்றைக்குப் பின்னேரம் மனிசன் எயார்போர்ட் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்:

"இஞ்சை பாரும், சும்மா மினக்கெடாமல் திங்கக்கிழமை நான் தூக்கி ஏத்திறன். ரெண்டு நாள் கத்துவாள். பேந்து பழகீடுவாள்."

"தூக்கி ஏத்தினால் காரில ஏறுவாள். வகுப்புக்குள்ள ஆர் தூக்கிக்கொண்டு போறது?"

"அப்ப இடத்தை விட்டுக் குடுப்பமா? சொல்லும்."

அவர் கெட்ட மனிசன் இல்லை. பயந்துபோன மனிசன். பயம் வந்தால் அவர் குரல் உயரும், எனக்கு வாய் நீளும். அன்றிரவு அவர் டிவிக்கு முன்னால் சாப்பிட்டார், நான் குசினியில் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் நான் காரை கராஜுக்குள் விட்டு, பிள்ளை இருக்கிற இடத்தில் இருந்து, முதுகை ஒட்டி வைத்துப் பாட்டைக் கேட்டேன். அப்போதுதான் விளங்கியது. பழைய பெட்டியில் ஒவ்வொரு அடியும் கீழே எங்கோ தொடங்கி, மெல்ல முதுகில் ஏறி, ஆறுதலாக அடங்கும். இதில் எந்த அடி விழுந்தாலும் ஒரே "டொம்"தான். பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி. எனக்கே நெஞ்சு திக்கென்றது. ஸ்பீக்கர் அதேதான், பாட்டு அதேதான். பெட்டி சின்னதாகிப் போனதுதான் பிழை.

வேலையிடத்தில் இருந்த மனிசனுக்கு இதை எழுதி அனுப்பினேன். மறுமொழி வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். தேத்தண்ணி நேரத்தில் ஒரு வீடியோ மட்டும் வந்தது, ஒரு சொல் இல்லாமல். அதில் ஒருத்தன் ஸ்பீக்கர் பெட்டிக்குள் தலையணைப் பஞ்சு போடுகிறான். பெட்டி சின்னதென்றால் உள்ளே அடைபட்ட காத்து ஸ்பீக்கரைத் திருப்பித் தள்ளுமாம். அதுதான் அந்த "டொம்". பஞ்சு போட்டால் காத்து அதுக்குள் நுழைந்து நுழைந்து வேகம் குறையுமாம். ஸ்பீக்கருக்குத் தான் ஒரு பெரிய பெட்டிக்குள் இருக்கிறேன் என்கிற நினைப்பு வந்துவிடுமாம். நல்ல ஏய்ப்பு வேலை. ஆனால் நான் அந்த வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

உடனே கடைக்குப் போய், இருக்கிறதிலேயே மலிவான தலையணைகளைக் கை கொள்ளுமளவு அள்ளிக்கொண்டு வந்தேன். காசாளர் பிள்ளை, விருந்தாளிகள் வருகிறார்களா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

ஸ்பீக்கரின் ஆணிகளைக் கழற்றி, வயரை விலத்தி, தலையணைகளை வெட்டிப் பஞ்சைப் பெட்டிக்குள் போடத் தொடங்கினேன். நான் சூட்கேஸ் அடுக்குகிறதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊருக்குப் போகும்போது அரைச் சூட்கேஸில் ஒரு முழு வீட்டையே அடக்குவேன். மூலையில் விரலை விட்டுக் குத்தி, முழங்காலால் அமத்தி, மேலே இருந்து, மூச்சுப் பிடித்து மூடுவேன். எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இந்த வருத்தம், ஒரு நோய் மாதிரி, இருக்கிறது, இடைவெளி கண்டால் பொறுக்காது. பெட்டியையும் அப்படியே அடைத்தேன். வாங்கின தலையணை எல்லாம் உள்ளே போனது. நல்ல பெருமையாக ஆணியை இறுக்கிவிட்டுப் பாட்டைப் போட்டேன்.

சத்தமே இல்லை. ஒருத்தன் போர்வைக்குள் இருந்து இருமுகிற மாதிரி ஒன்று வந்தது, அவ்வளவுதான். எனக்கு வந்த விசருக்கு ஸ்குரூ டிரைவரைத் தூக்கி எறிந்தேன். அது சுவரில் பட்டு விழுந்த சத்தத்தில் திரும்பிப் பார்க்கிறேன், கராஜ் வாசலில் மகள். எத்தனை நேரமாக நின்றாளோ தெரியாது. காதைப் பொத்தவில்லை. நடுங்கவில்லை. டிக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டாள். அவள் அழாமல் போனாள். எங்கட வீட்டில் அது பெரிய செய்தி.

மனிசன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். இறுகிக் கிடந்த பஞ்சில் விரலை விட்டுப் பார்த்தார்.

"உமக்கென்ன, இது கொழும்புக்குப் போற சூட்கேஸெண்ட நினைப்பா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இவ்வளவு பஞ்சை இறுக்கினால் அதுவே இடத்தைப் பிடிச்சிடும், பெட்டி இன்னும் சின்னனாப் போகும், காத்து எப்படி அசையிறது என்றார். எல்லாம் அந்த வீடியோவில் இருந்ததுதான். அவசரத்தில் எனக்கு "போடு" என்றதுதான் கேட்டது, "தளர்வாக" என்றது கேட்கவில்லை.

பஞ்சு முழுவதையும் வெளியே எடுத்தோம். கராஜ் நிலம் முழுக்க வெள்ளை. இரண்டு பேரும் நிலத்தில் இருந்து, கட்டிபட்ட பஞ்சை விரலால் பிய்த்துப் பிய்த்து விரித்தோம். பிறகு நான் டிக்கிப் பக்கம், அவர் பின்சீட்டில், பிள்ளை இருக்கிற இடத்தில். நான் ஒரு பிடி போட்டு ஸ்பீக்கரைப் பூட்டுவேன். அவர் முதுகை ஒட்டி வைத்துக் கேட்பார். "இன்னும் கொஞ்சம்." திரும்பக் கழற்றுவேன். "இல்லை, கூடிப்போச்சு, எடும்." அந்தப் பெட்டியை எறியவேண்டும் என்று நின்ற மனிசன் கண்ணை மூடிக்கொண்டு பைலா கேட்டுக்கொண்டு இருந்ததைப் பார்க்க, எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது.

போகப்போகச் சத்தம் மாறியது. "டொம்" உடைந்து தனித்தனி அடியாக வந்தது. பிறகு அடிக்குக் கீழே ஒரு ஆழம் வந்தது. ஒரு கட்டத்தில் அவர் கண்ணைத் திறந்து, "இதுதான்" என்றார். நான் போய் இருந்து பார்த்தேன். இதுதான் போலவும் இருந்தது, இல்லைப் போலவும் இருந்தது. பழைய சத்தம் எப்படி இருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. அத்தனை வருசம் முன்சீட்டில் இருந்துகொண்டு, சத்தத்தைக் குறை என்று சொன்ன ஆக்கள்தானே நாங்கள். அந்தச் சத்தம் தெரிந்தவள் ஒருத்திதான். அவளிடம் கேட்கவும் ஏலாது, கேட்டால் சொல்லவும் மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்றிப் பார்ப்போம் என்று நினைத்திருந்தோம். அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கார் என்ற சொல்லைச் சொன்னாலே போர்வையை இழுத்து மூடினாள். கட்டாயப்படுத்தப் பயம். அதனால் ஒரு தரமும் ஏற்றிப் பார்க்காமலே திங்கள் விடிந்தது.

நல்ல மழை. காரைப் படிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, பின்கதவைத் திறந்துவிட்டு, ஓட்டுகிற சீட்டில் இருந்து பாட்டைப் போட்டேன். மகள் புது ஸ்கூல் பாக்கோடு வாசலில் நின்றாள். மனிசன் கதவுக்குப் பக்கத்தில், சேர்ட் கையை மடித்துவிட்டு நின்றார். ஏன் மடித்தார் என்று எனக்குத் தெரியும்.

பாட்டு முழுக்க ஓடி முடிந்தது. அவள் அசையவில்லை. திரும்பப் போட்டேன். மழைத்தண்ணி திறந்த கதவால் சீட்டில் தெறித்தது. மனிசன் போனை எடுத்து நேரம் பார்த்தார், என்னைப் பார்த்தார், படிப்பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"வேண்டாம்" என்றேன்.

"நேரம் போகுதப்பா."

"அவளில கை வைச்சீங்களெண்டால் நான் அவளைக் கூட்டிக்கொண்டு கிளென்ஃபீல்டுக்குப் போவன். திரும்பி வரமாட்டன். சும்மா சொல்லேல்லை."

உண்மையாகவே சும்மா சொல்லவில்லை. அவர் முகம் கறுத்துப் போனது. ஆனால் நின்றார்.

இரண்டாம் தரம் பாட்டில் றபான் மேளம் தொடங்குகிற இடம் வந்தது. மகள் தலையைக் கொஞ்சம் சரித்தாள். ஒரு படி இறங்கினாள். நின்றாள். மழைக்குள் வந்து, அப்பாவைத் தாண்டி, அவரைப் பார்க்காமலே காருக்குள் ஏறினாள். முதுகை உடனே ஒட்டி வைக்கவில்லை. முன்னுக்குச் சாய்ந்து, இரண்டு கையாலும் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பொத்தவா விடவா என்று இருந்தாள். நான் கண்ணாடியில் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை இறங்கியது. தோள் இறங்கியது. முதுகு மெல்லப் போய்ச் சீட்டில் சேர்ந்தது.

மனிசன் சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு முன்னுக்கு வந்து ஏறினார். பிளாட் புஷ் போய்ச் சேருமட்டும் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன். எந்த இடத்திலும் அவள் கத்தவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக் கார் பார்க்கில் நிற்பாட்டினால், இறங்கமாட்டாள். பெல்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். எத்தனை நாளைக்குப் பிறகு அவளுக்கு அது திரும்பக் கிடைத்திருக்கிறது, அவள் ஏன் இறங்கப்போகிறாள்? மற்றப் பிள்ளைகள் குடைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தன. மணி அடித்தது. மனிசன் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து, கையை நீட்டினார். பிறகு தானாகவே கையை இழுத்துக்கொண்டார். கதவைப் பிடித்தபடி மழையில் நின்றார். வந்து சேர்ந்தும் வரவில்லை என்று ஆகப்போகிறது.

அந்த ரீச்சர் மழைக்கோட்டோடு வந்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைக் கேட்கவில்லை. குனிந்து மகளைத்தான் கேட்டார், நானும் உள்ளே வரலாமா என்று.

மகள் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் பக்கத்துச் சீட்டில் கிடந்த பாக்கை இழுத்துத் தன் மடியில் வைத்தாள்.

ரீச்சர் ஏறி இருந்தார். ஈரக் கோட்டோடு, சத்தம் போடாமல், பைலாவைக் கேட்டுக்கொண்டு. இது என்ன பாட்டு என்றும் கேட்கவில்லை, சத்தத்தைக் குறைக்கவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் போக, மகள் கையை நீட்டி ரீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தாள். வேற்று மனிசரின் உடுப்பு முட்டினாலே துடிக்கிற பிள்ளை. பிடித்து, அந்தக் கையைக் கொண்டுபோய்த் தன் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் வைத்தாள். இஞ்சதான் இருக்கு, பார் என்கிற மாதிரி.

எனக்கு அவள் ஒருநாளும் அப்படிக் காட்டினதில்லை. எரிச்சலாக இருந்தது. அதைவிட ஆயிரம் மடங்கு சந்தோசமாக இருந்தது.

"அவள் வந்துவிட்டாள் என்று பதியச் சொல்லுகிறேன்" என்றார் ரீச்சர். "இன்றைக்கு நாங்கள் இங்கேயே இருப்போம்."

மனிசன் வெளியே நின்றபடி, தன்னுடைய எயார்போர்ட் இங்கிலிசில், அப்ப இவளுடைய இடம் என்று தொடங்கினார். முடிக்க முடியவில்லை.

"இவளுடையதுதான்" என்றார் ரீச்சர்.

மனிசன் மறுபக்கம் திரும்பிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. பாட்டு முடிந்திருந்தது. நான் திரும்பப் போட்டேன்.